மெனு கார்டு யாருக்கு எழுதிய கடிதம்?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஏழாம் நம்பர் ரயில் தரைக்கு மேலே, இரும்புத் தூண்களின் மீது ஓடும். ரூஸ்வெல்ட் அவென்யூவில் அதன் அடியில் நடந்துபோகிறவர்கள், ரயில் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கி 74ஆம் தெருவுக்குள் நுழைந்தால் நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை. ஒரு தெரு தள்ளி 73க்குள் போனால் பெயர்ப்பலகைகள் வங்காள எழுத்துக்கு மாறிவிடும். இடையில் திபெத்திய, நேபாள மோமோ கடைகள். அந்த நகரத்தில் நான் இருந்த இரண்டு வருஷமும் என் சனிக்கிழமைகள் இங்கேதான் கழிந்தன.

73ஆம் தெருவில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள் வரிசையாக இருக்கும். அதில் ஏதாவது ஒரு மீன், ஒரு கீரை, நாலைந்து வகை பர்த்தா. பர்த்தா என்றால் மசியல். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், கருவாடு எதுவாக இருந்தாலும் வெங்காயம், மிளகாய், பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தது. கருவாட்டு பர்த்தாவின் வாசனை கதவைத் திறக்கும்போதே முகத்தில் அடிக்கும். வாடகை வீட்டில் கருவாடு வறுத்துத் திட்டு வாங்கிய எந்தத் தமிழனுக்கும் அது ஊர் வாசனைதான்.

கல்லாவில் இருந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். நாலைந்து தடவை போன பிறகு, தெரிந்தவன் என்கிற தைரியத்தில் கேட்டேன். "பாய், இங்க இருக்கறத விடுங்க. உங்க வீட்டுல என்ன சமைப்பீங்க? அதைச் சாப்பிடணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டுலயா? பாஸ்தா. பொண்ணு அதத்தான் கேக்குறா. சீஸ் நெறைய போட்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தப் பதில் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் போன கடைகளின் பட்டியல், சாப்பிட்ட பண்டங்களின் பெயர்கள், பக்கத்திலேயே ஒரு குறி. 'அசல்' என்று நான் முடிவுகட்டிய கடைகளுக்கு மட்டும் ஒரு நட்சத்திரம். அந்தக் கடைக்கு ஏற்கெனவே நட்சத்திரம் போட்டிருந்தேன். பாஸ்தாவை எங்கே எழுதுவது?

இந்தக் கட்டுரை அந்த நட்சத்திரத்தைப் பற்றியது.

*

பெருநகரத்தில் ஆசியச் சாப்பாட்டைத் தேடித் திரிகிறவனுக்கு ஒரு மனநிலை உண்டு. எனக்கும் இருந்தது. மேஜையில் வெள்ளைத் துணி விரித்த இடம் என்றால் சந்தேகம். பிளாஸ்டிக் தட்டு, குழல் விளக்கு, ஆங்கிலம் சரியாக வராத பரிமாறுபவர் என்றால் நம்பிக்கை. பக்கத்து மேஜையில் 'அந்த ஊர்க்காரர்களே' சாப்பிட்டுக்கொண்டிருந்தால் போதும், சான்றிதழ் கிடைத்த மாதிரி. கடை எவ்வளவு மலிவோ அவ்வளவு அசல். கடைக்காரர் வளர்ந்து, வாடகை அதிகமான தெருவுக்கு மாறி, நல்ல நாற்காலி வாங்கிப் போட்டால், 'முன்ன மாதிரி இல்ல' என்போம். அதாவது, அவர் ஏழையாகவே இருக்கும்வரை அவருடைய கை மணக்கும்.

இதை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவைப் பற்றிப் பாடம் நடத்தும் கிருஷ்ணேந்து ராய் 2016இல் எழுதிய 'தி எத்னிக் ரெஸ்டாரடர்' என்ற புத்தகம் காட்டிக்கொடுத்தது. ஜாகட் கையேடு மாதிரியான உணவக வழிகாட்டிகளின் விலை விவரங்களை வைத்துக்கொண்டு ராய் எளிமையான ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு நாட்டுச் சமையலுக்கு இந்த நகரம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறது? ஜப்பானியச் சமையலின் விலை ஏறி, பிரெஞ்சுச் சமையலோடு தோள் உரசுகிறது. சீன, இந்திய, தாய், மெக்சிகச் சமையல்கள் கீழ்ப்படியிலேயே நிற்கின்றன. ருசியை வைத்து இதை விளக்க முடியாது. சீனச் சமையலின் நுட்பமும் நீண்ட மரபும் யாருக்கும் குறைந்ததல்ல. ராயின் விளக்கம் வேறு. அந்த நாடு எவ்வளவு பணக்கார நாடு, அங்கிருந்து வந்தவர்கள் இந்த நகரத்தில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சமையலுக்கு மதிப்பு. ஜப்பான் பணக்கார நாடானது. ஜப்பானியர்கள் பெருந்திரளாகக் கூலி வேலைக்கு வரவில்லை. சுஷி ஏறியது. இத்தாலியர்கள் ஏழைக் குடியேறிகளாக இருந்த காலத்தில் அவர்களுடைய பூண்டு நாறியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் மேலே வந்ததும் அதே பூண்டு மணத்தது.

பத்திரிகை விமர்சனமும் இந்தப் படிவரிசையைத் தூக்கிப் பிடித்தது. நியூயார்க் டைம்ஸில் பெரிய உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் பத்தி ஒன்று இருந்தது. அதற்கு வெளியே, 1992இல் எரிக் அசிமோவ் தொடங்கிய 'இருபத்தைந்து டாலருக்குள்' என்ற பத்தி. குடியேறிகளின் சின்னக் கடைகளுக்கு அதில்தான் பெரும்பாலும் இடம் கிடைத்தது. அசிமோவ் அக்கறையோடு எழுதியவர், சந்தேகமில்லை. ஆனால் பத்தியின் பெயரே ஒரு வேலி. அடுத்த வருஷம் டைம்ஸுக்கு வந்த ரூத் ரைக்கில், சோஹோவில் இருந்த ஹோன்முரா ஆன் என்ற ஜப்பானிய சோபா நூடுல்ஸ் உணவகத்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பிரையன் மில்லர், நூடுல்ஸ் கடைக்கெல்லாம் நட்சத்திரத்தை வாரியிறைத்து ரைக்கில் ஏற்பாட்டையே கெடுக்கிறார் என்று பத்திரிகைக்கு முறையிட்டார். அந்த நூடுல்ஸ் அப்படியொன்றும் மலிவில்லை. இருந்தும் நூடுல்ஸ் என்ற சொல்லுக்கே மேலே ஏற அனுமதி இல்லை.

ராயின் புத்தகத்தில் என்னைச் சுட்ட இடம் இன்னொன்று. குடியேறிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களுடைய உழைப்பையும் கஷ்டத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ருசியைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் சாப்பிடுகிறவனிடம் போய்விடுகிறார்கள். சமைக்கிறவனுக்கு ரசனை உண்டு, அழகைப் பற்றிய ஒரு முடிவு உண்டு என்பதை ஏற்க மனசு வருவதில்லை. என் நோட்டைத் திரும்பப் புரட்டினேன். 'கல்லாப்பெட்டிக்காரர் சில்ஹெட்காரர்', 'வாரம் ஏழு நாளும் கடை'. அவருடைய பாட்டையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கத்தரிக்காயை ஏன் இவ்வளவு கருகச் சுட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

*

மெனு கார்டைக் கடிதம் மாதிரிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான். கடிதத்தில் எழுதியவரின் கையெழுத்து மட்டுமல்ல, யாருக்கு எழுதப்பட்டது என்பதும் இருக்கும். கலெக்டருக்கு எழுதுகிற கடிதமும் அத்தைக்கு எழுதுகிற கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டாலும் ஒன்றாக இருக்காதே. எது 'அசல்' என்று கேட்டால் என்ன சொல்வது?

இந்த நகரத்தின் சீன உணவகங்கள் எழுதிய முதல் கடிதங்களில் ஒன்று குடியேற்றத் துறைக்கு. 1882ஆம் வருஷச் சட்டம் சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்தது. வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, உணவக முதலாளியையும் வியாபாரியாகக் கருதலாம் என்றது. வரலாற்றாசிரியர் ஹெதர் லீ இந்தச் சந்துவழியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதிகாரிகள் போட்ட நிபந்தனைகள் விசித்திரமானவை. உணவகம் 'உயர்தரமாக' இருக்க வேண்டும். உரிமையாளர் குறைந்தது ஒரு வருஷம் முழுநேரமாக நிர்வாகம் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர் பரிமாறவோ கல்லாவில் உட்காரவோ கூடாது, கைவேலை எதுவுமே செய்யக் கூடாது. ஆக, சொந்தக்காரர்கள் கூட்டாகப் பணம் போட்டு, முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வருஷம் முதலாளியானார்கள். விசா கிடைத்தது, ஊரிலிருந்து குடும்பம் வந்தது, உணவகங்கள் மளமளவென்று பெருகின. அலங்கார விளக்கும் செதுக்கிய மரமுமாக இருந்த அந்தக் காலத்துச் சாப் சூயி மண்டபங்களைப் பார்த்து, 'வெள்ளைக்காரனுக்காகப் போட்ட வேஷம்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதில் ஒரு பங்கு, பிள்ளையைக் கரை சேர்க்கப் போட்ட வேஷம்.

சில்ஹெட்காரர்களின் கதை கப்பலில் தொடங்குகிறது. இன்றைய வங்கதேசத்தின் வடகிழக்கிலிருந்து பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலைக்கும் அடுப்படி வேலைக்கும் வந்தவர்கள், நியூயார்க் துறைமுகத்தில் இறங்கி நகரத்துக்குள் காணாமல் போனார்கள். விவேக் பால்டு 2013இல் எழுதிய 'பெங்காலி ஹார்லெம்' அவர்களைத் தேடிப்போகிறது. அப்படிக் கப்பல் வேலைக்கு வந்த வங்காளிகளில் ஒருவர் ஹபீப் உல்லா. விக்டோரியா என்ற புவெர்ட்டோ ரிக்கோப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கிழக்கு ஹார்லெமில் குடும்பம் நடத்தினார். 1940களின் கடைசியில், நாடக அரங்குகள் இருக்கும் வட்டாரத்தில் இன்னொரு வங்காளியோடு சேர்ந்து 'பெங்கால் கார்டன்' என்று ஒரு உணவகம் திறந்தார். அது நெடுநாள் ஓடவில்லை.

பின்னால் 1970களில் மன்ஹாட்டனின் கிழக்கு ஆறாம் தெருவில் 'இந்திய' உணவகங்கள் வரிசையாக முளைத்தன. பெரும்பாலும் வங்கதேசத்தவர்கள் நடத்தியவை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே அடுப்படிதான், சுரங்கப்பாதை வழியாகச் சாப்பாடு வருகிறது என்று ஊரில் ஒரு ஜோக் உண்டு. எல்லா மெனுவும் ஒன்றே என்பதால் வந்த ஜோக் அது. சிக்கன் டிக்கா மசாலா, சாக் பனீர், நான். சமைப்பவர் அரிசிச் சோறும் ஆற்று மீனும் சாப்பிட்டு வளர்ந்தவர். அவர் விற்றது தந்தூரி. ஏன்? வாங்க வந்தவனுக்குத் தெரிந்த இந்தியா அதுதான். அது பொய்க் கடிதமும் இல்லை. வாசிக்கிறவனின் மொழியில் எழுதிய கடிதம், அவ்வளவுதான். கடை மூடிய பிறகு பின்கட்டில் ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மீன்குழம்பு, மெனுவில் ஏறக் காத்திருந்தது. 73ஆம் தெருவில், சாப்பிட வருகிறவர்களே வங்கதேசத்தவர்கள் ஆன பிறகு அது ஏறியது. கண்ணாடித் தட்டில் நான் பார்த்த கருவாட்டு பர்த்தா அப்படி வந்தது. நான்தான் அதை 'அசல்' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தின் முகவரியில் என் பெயர் இல்லை. வேறொருவர் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சுகத்துக்கு நான் வைத்த பெயர் அசல்.

*

சரி, வீட்டுக்கு வருவோம். மெனு முகவரியைப் பார்த்து மாறும். வீட்டில் நிலைமை என்ன?

ராய் இதற்கு முன்பே, 2004இல், 'தி மைக்ரன்ட்ஸ் டேபிள்' என்று இன்னொரு புத்தகம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் வாழும் வங்காளிக் குடும்பங்களின் சாப்பாட்டைப் பற்றியது. அதில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு மிகச் சாதாரணமானது. காலை உணவு சீக்கிரம் அமெரிக்காவாகிவிடுகிறது. சீரியல், பால், டோஸ்ட். இரவு உணவுதான் வங்காளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது. சோறு, பருப்பு, மீன். ஒரே நாளுக்குள் இரண்டு நாடுகள். காலையில் ஆபீஸ் போகும் உடம்புக்கு ஒரு சாப்பாடு, ராத்திரி வீடு திரும்பிய மனசுக்கு இன்னொன்று. பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. இதை விட்டுவிடலாம், இது இல்லாமல் முடியாது என்று வேளை பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். மாறுவதும் காப்பதும் இப்படி ஒரே சமையலறையில் சண்டையில்லாமல் நடக்கின்றன.

நல்ல புத்தகம். ஆனால் அந்த வீடுகள் யாருடையவை என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் 1965ஆம் வருஷக் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு வந்த, படித்த, நடுத்தர வர்க்க வீடுகள். மருத்துவர், எஞ்சினியர், பேராசிரியர். இரண்டாவது புத்தகத்தில் ராய் உணவகத்துக்குள் வருகிறார். அங்கே முதலாளிகள் பேசுகிறார்கள், பத்திரிகைகள் பேசுகின்றன, விலைகள் பேசுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒரு குறை தெரிந்தது. ஒன்றில் வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்காரர்கள் சமையலால் பிழைக்கிறவர்கள் இல்லை. இன்னொன்றில் சமைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய வீடு ஓரத்தில் மட்டும் தெரிகிறது. நாள் முழுக்க அடுப்பில் நின்றுவிட்டு நள்ளிரவில் வீடு போகிற சமையல்காரரின் வீடு இரண்டு அட்டைக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அங்கே யார் சமைக்கிறார்கள்? அவருக்காகச் சோறு எடுத்து வைத்திருப்பவர் யார்? சீஸ் நிறையப் போட்ட பாஸ்தா அந்த வீட்டிலிருந்துதான் வந்தது.

பால்டின் புத்தகம் அந்த வீட்டுக் கதவை லேசாகத் திறக்கிறது. வங்காளி அப்பா, புவெர்ட்டோ ரிக்கோ அம்மா, அல்லது கறுப்பின அம்மா. அப்படி ஒரு வீட்டு அடுப்பில் என்ன வெந்தாலும் அதற்கு ஒரு நாட்டின் பெயரை வைத்துவிட முடியாது. ஹபீப் உல்லாவின் மகன் அலாவுதீன் உல்லாவும் பால்டும் சேர்ந்து 2022இல் 'இன் சர்ச் ஆஃப் பெங்காலி ஹார்லெம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார்கள். ஹார்லெமில் வளர்ந்த ஒரு பிள்ளை, தனக்கு முழுசாகத் தெரியாத அப்பாவைத் தேடி வங்கதேசத்துக்குப் போகிற படம். அதைப் பார்த்தபோது வீட்டுச் சமையலைப் பற்றி நான் வைத்திருந்த ஒரு நினைப்பு உடைந்தது. உணவகத்தில் கலப்படம் இருக்கும், வீட்டில் மூலம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் வீடுதான் அதிகமாகக் கலக்கிறது. அங்கே மெனு கார்டு கிடையாது, யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். பிள்ளை கேட்டால் பாஸ்தா. உணவகத்தில்தான் ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

*

அதே ஏழாம் நம்பர் ரயிலின் கடைசி நிறுத்தம் ஃபிளஷிங். அங்கே இரண்டு இடங்கள் எனக்கு இன்னும் தெளிவைத் தந்தன.

ஒன்று, மெயின் ஸ்ட்ரீட்டை ஒட்டிய அடித்தள உணவு அங்காடிகள். அவற்றில் பேர்போனது கோல்டன் ஷாப்பிங் மால். 2005இல் ஷிஆன் நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தொடங்கிய சின்னக் கடை, பிறகு இந்த அடித்தளத்தில் கையால் இழுத்த பட்டை நூடுல்ஸும் சீரகம் தூவிய ஆட்டுக்கறியுமாகப் பேர் வாங்கியது. சீரகமும் ஆட்டுக்கறியும் சீனாவா என்று முதலில் ஆச்சரியப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஷிஆன், பட்டுப் பாதையின் கிழக்கு முனை. முஸ்லிம் வணிகர்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த ஊர். அந்தத் தட்டில் மத்திய ஆசியா இருக்கிறது. ஆக, 'அசல் சீனா' என்று நான் தேடிப்போன இடத்தில் கிடைத்ததே ஒரு பழைய கலவைதான். 'ஷிஆன் ஃபேமஸ் ஃபுட்ஸ்' இன்று மன்ஹாட்டனில் பல கிளைகளோடு இருக்கிறது. 'அடித்தளத்துல இருந்தப்ப இருந்த ருசி இல்ல' என்று ஒரு நண்பனிடம் நானே சொல்லியிருக்கிறேன். அடித்தளத்திலேயே அவர்கள் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை ருசியின் பெயரில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, பௌன் ஸ்ட்ரீட்டில் 1977இல் குடமுழுக்கு நடந்த பிள்ளையார் கோயில். அதன் அடித்தளத்தில் கேன்டீன். தோசை, இட்லி, வடை, பொங்கல். காகிதத் தட்டு, நீள மேஜை, நம்பரைக் கூப்பிட்டால் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று அதைத் தேடி ஊரிலிருக்கும் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் அது அவர்களுக்காக எழுதப்பட்டது இல்லை, சாமி கும்பிட்டுவிட்டுப் பசியோடு படியிறங்கும் குடும்பத்துக்கு எழுதப்பட்டது. அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது நான் ஒருதடவைகூட 'இது அசலா?' என்று யோசித்ததில்லை. சட்னி தண்ணியாக இருக்கிறதே என்று யோசித்திருக்கிறேன். அதுதான் வித்தியாசம். நம்மைப் பார்த்து எழுதிய கடிதத்தில் நாம் எழுத்துப்பிழை பார்க்கிறோம். பிறத்தியார் கடிதத்தில்தான் அசல், போலி பார்க்கிறோம்.

*

இப்போது நத்தைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

மன்ஹாட்டனின் கிரீன்விச் வில்லேஜில் 2021இல் 'செம்ம' என்று ஒரு உணவகம் திறந்தார்கள். தலைமைச் சமையல்காரர் விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம். 2022இல் மிஷெலின் நட்சத்திரம். 2025இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல்காரருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். அதே வருஷம் நியூயார்க் டைம்ஸ் தன்னுடைய நகரத்துச் சிறந்த நூறு உணவகங்கள் பட்டியலில் செம்மவை முதலிடத்தில் வைத்தது. நம் ஊர் இணையமே கொண்டாடியது நினைவிருக்கும். நான் அங்கே சாப்பிட்டதில்லை, அதனால் ருசி எழுதப் போவதில்லை. அதன் மெனுவை ஒரு பிரதியாக மட்டும் படிக்கிறேன்.

நத்தை பிரட்டல். குடல் வறுவல். இந்தப் பெயர்கள் தமிழிலேயே, ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அதே மெனுவில் நம்முடைய பொடி தோசைக்குப் பெயர் 'கன்பவுடர் தோசை'. இட்லிப் பொடிக்கு ஆங்கிலத்தில் ரொம்ப நாளாக வழங்கும் செல்லப்பெயர் அது. கவனித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. அமெரிக்கர்களுக்கு ஓரளவு தெரிந்த தோசை ஆங்கிலப் பெயரோடு வருகிறது. தெரியவே தெரியாத நத்தை தமிழ்ப் பெயரோடு நிமிர்ந்து நிற்கிறது. ஒரே மெனுவில் இரண்டு முகவரிகள்.

நத்தை விஜய் குமாரின் சின்ன வயசுச் சாப்பாடு. வயலில் பொறுக்கி வந்து வீட்டில் சமைத்தது. அதைச் சாப்பிடுவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டதையும், பிறகு பிரெஞ்சுச் சமையலில் நத்தைக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்து ஆச்சரியப்பட்டதையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விருது மேடையிலும், ஏழைச் சாப்பாடு பணக்காரச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்ற பொருளில் பேசினார்.

ராயின் படிவரிசை இங்கே என்ன ஆகிறது? ஒரு பக்கம், அவர் சொன்னதற்கு இது நேரான சாட்சி. இந்திய வம்சாவளியினர் அமெரிக்காவில் பணமும் செல்வாக்கும் பெற்ற பிறகு இந்தியச் சமையலின் விலையும் ஏறியிருக்கிறது. இன்னொரு பக்கம், அந்தப் பணத்துக்கும் வயல் நத்தைக்கும் என்ன சம்பந்தம்? கணினி வேலைக்குப் போன குடும்பங்களில் பல, நத்தையை வீட்டுக்குள்ளேயே விடாதவை. நத்தையைச் சாப்பிட்டவர்கள் வரப்பில் குனிந்து வேலை பார்த்தவர்கள். சென்னையில் நான் சாப்பிட்ட எந்த ஹோட்டல் மெனுவிலும் நத்தையைப் பார்த்ததில்லை. அது வயலில் ஏறி நேராக மன்ஹாட்டனில் இறங்கியிருக்கிறது. நடுவில் நம்முடைய நகரங்களில் அதற்கு நிறுத்தம் இல்லை.

விருதுச் செய்தியைப் பகிர்ந்து 'நம்ம சாப்பாடு' என்று நாம் எழுதினோமே, அந்த 'நம்ம'வில் யார் யார்? நம் ஊர் உணவகங்களிலும் ஒரு பலகை உண்டு. 'வீட்டுமுறைச் சமையல்'. அது யார் வீடு என்று பலகை சொல்லாது. வாசலில் நின்று வாசனை பிடித்தால் தெரிந்துவிடும். கருவாடு வறுக்கும் வீடா, பெருங்காயம் மணக்கும் வீடா என்று. எந்த வீடு ஹோட்டலாகலாம், எது ஆகக் கூடாது என்பதை நாமும் சாதியை வைத்து முடிவுசெய்து வைத்திருக்கிறோம். ராய் நியூயார்க்கில் பார்த்த படிவரிசை நமக்கு ரொம்பப் பழையது. வெள்ளைக்காரன் நட்சத்திரம் கொடுத்த பிறகு நத்தையை நம்முடையது என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அது வரப்பில் இருந்தபோது நம்முடையது இல்லை.

இதைச் சொல்வதால் செம்மவின் சாதனை குறையாது. கூடத்தான் செய்யும். தெரிந்தவனுக்குத் தெரிந்த மொழியில் எழுதுவது சுலபம். யாரும் எதிர்பார்க்காத ஒரு வீட்டின் பெயரைத் துணிந்து எழுதி, அதற்கு முழு விலையும் கேட்பது சுலபமில்லை. மலிவாக இருந்தால்தான் அசல் என்று நினைக்கும் என்னைப் போன்ற ஆளுக்கு அந்த மெனு சொல்லும் பதில் அதுதான். இது உன் சனிக்கிழமை வேட்டை இல்லை, இதற்கு விலை உண்டு.

*

கல்லாவில் இருந்த அந்த மனிதரிடம் திரும்ப வருகிறேன். பாஸ்தா என்று சொன்னவர், தட்டில் சோற்றைப் போட்டபடியே என்னைத் திருப்பிக் கேட்டார். அதை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"உங்க வீட்டுல என்ன பாய்? மதராசிங்க என்ன சாப்பிடுவீங்க?"

"சாம்பார், ரசம், பொரியல்" என்றேன். கூடவே, "எங்க அம்மா மீன்குழம்பு வைப்பாங்க பாருங்க" என்று ஆரம்பித்து, மண்சட்டி, புளி, மாங்காய் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக் கேட்டார்.

அந்த வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் தின்றது உறையவைத்த பாக்கெட் பரோட்டாவும் முட்டையும். ஒருநாள் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. அம்மா மீன்குழம்பு வைப்பது நிஜம்தான், அது எட்டாயிரம் மைலுக்கு அப்பால். அவர் கேட்டதும் என் வாயிலிருந்து தன்னால் வந்தது ஒரு மெனு கார்டு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று யூகித்து, அவருக்காக எழுதியது.

அவராவது உண்மையைச் சொன்னார்.

நட்சத்திரத்தை அழிக்கவில்லை. பக்கத்தில் சின்னதாக 'பாஸ்தா' என்று எழுதி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போனபோது கத்தரிக்காயை ஏன் அவ்வளவு கருக விடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே ஒரு அம்மா வெளியே வந்தார். அத்தனை மாதத்தில் அந்தக் கடையில் சமைப்பவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.